முக்கால் நொடி ரயில் ஊதலில் ஒரு இசைக்கருவி: 'வேவ்டேபிள்' சின்தசைசர் இயங்குவது எப்படி?

கோலார் தங்கவயல்: கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து பெங்களூரு நோக்கிப் புறப்படும் ரயிலின் ஊதல் ஒலி, அந்நகர மக்களுக்கு வேலைக்குக் கிளம்பும் நேரத்தை அறிவிக்கும் அழைப்பாகும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் பலர் பிழைப்புக்காக நாள்தோறும் நம்பியிருப்பது இந்த ரயில் பாதையைத்தான். அந்த ஊதல் ஒலியில் முக்கால் நொடியை மட்டும் கைப்பேசியில் பதிவு செய்தால் போதும்; அதிலிருந்து ஒரு முழு இசைக்கருவியையே உருவாக்கிவிட முடியும். அதற்கு உதவும் தொழில்நுட்பத்தின் பெயர் 'வேவ்டேபிள் சின்தசிஸ்'.

2018-ல் வெளியான 'கே.ஜி.எஃப்' திரைப்படமும், 2022-ல் வந்த அதன் இரண்டாம் பாகமும், 2024-ல் வந்த 'தங்கலான்' திரைப்படமும் இந்நகரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. முதல் இரண்டுக்கு ரவி பஸ்ரூரும், மூன்றாவதற்கு ஜி.வி.பிரகாஷ் குமாரும் இசையமைத்தனர். திரையில் ஒலித்த தங்கவயலுக்கு வெளியூர்க் கலைஞர்கள் இசை வடிவம் தந்தனர். ஒரு காலத்தில் பெரிய ஒலிப்பதிவுக்கூடங்களுக்கு மட்டுமே எட்டிய வேவ்டேபிள் கருவி, இன்று சாதாரண மடிக்கணினியில் இலவச மென்பொருளாகவே கிடைக்கிறது. தங்கவயல் இளைஞர் ஒருவர் தம் ஊரின் ஒலியைத் தாமே இசையாக்க விரும்பினால், அதற்குத் தேவையானது பணத்தைவிட, ஒலி அலை எப்படி வடிவம் பெறுகிறது என்ற புரிதலே. அந்தப் புரிதலுக்கான விளக்கம் இது.

அலைகளை அறிந்த ஊர்

தங்கவயலுக்கு அலைகள் புதியவை அல்ல. காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-ல் முதன்முதலாக மின்சாரம் பெற்றது இந்தச் சுரங்கங்களே; பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பின்னர்தான். அவ்வாறு வந்த மாற்று மின்னோட்டம், ஏறி இறங்கி ஒரே சீராகத் திரும்பத் திரும்ப நிகழும் ஓர் அலை. அதன் வடிவத்தைக் கணிதம் 'சைன் அலை' என்கிறது.

இரண்டாவது வகை அலை அச்சம் தருவது. 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறைகள் அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது, தரைக்கு மேலுள்ள வீடுகளும் குலுங்கின. அந்த அதிர்வுகளைக் கருவிகளில் பதிவு செய்து, பாறை எங்கே, எவ்வளவு வலுவாக வெடித்தது என்பதை ஆய்வாளர்கள் கணித்தனர். இத்தகைய ஆய்வுகளுக்கான தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் 1988-ல் இந்நகரில்தான் தொடங்கப்பட்டது. அலையின் வடிவத்தில் செய்தி அடங்கியிருக்கிறது என்பதை இவ்வூர் அனுபவத்தால் அறியும். இசையிலும் அதே விதிதான் செயல்படுகிறது.

ஒரே சுருதி, வேறு குரல்

ஒருவர் ஒரே சுருதியில் நின்று 'ஆ' என்று பாடி, மூச்சு விடாமல் 'ஈ' என்றும், பிறகு 'ஊ' என்றும் மாற்றுவதாகக் கொள்வோம். சுருதி மாறவில்லை, ஒலியின் உரப்பும் ஏறத்தாழ மாறவில்லை. ஆயினும் மூன்றும் வெவ்வேறு ஒலிகள் என்பதைக் குழந்தையும் சொல்லிவிடும். மாறியது அலையின் வடிவம்.

காற்று ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பது சுருதியைத் தீர்மானிக்கிறது. இதுவே அதிர்வெண், இதன் அலகு ஹெர்ட்ஸ். ஒவ்வோர் அதிர்வும் எந்த வடிவில் ஏறி இறங்குகிறது என்பது ஒலியின் தன்மையைத் தீர்மானிக்கிறது. வீணையும் நாகஸ்வரமும் ஒரே ஸ்வரத்தை வாசித்தாலும் வேறுபட்டு ஒலிப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

சீராகத் திரும்ப நிகழும் எந்தச் சிக்கலான அலையையும், பல சைன் அலைகளின் கூட்டாகப் பிரித்துவிடலாம் என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியேயின் கண்டுபிடிப்பு. அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் எனில், அதன் மடங்குகளான 200, 300, 400 ஹெர்ட்ஸ் அலைகளும் உடன் ஒலிக்கும். இவையே மேற்சுரங்கள். ரம்பப்பல் போன்ற வடிவமுள்ள அலையில் எல்லா மேற்சுரங்களும் உண்டு; ஆகவே அது வயலின்போல் கூர்மையாக ஒலிக்கும். சதுர அலையில் 3, 5, 7 போன்ற ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே உண்டு. அது உள்ளீடற்ற குழல்போல் ஒலிக்கும். முக்கோண அலையிலும் ஒற்றைப்படை மடங்குகளே உண்டு என்றாலும், அவை விரைவாக வலுவிழப்பதால் அதன் ஒலி மென்மையானது.

எண்களின் பட்டியலே அலை

சின்தசைசரில் இந்த அலையைப் பிறப்பிக்கும் பகுதிக்கு 'ஆசிலேட்டர்' என்று பெயர். தமிழில் அலையியற்றி எனலாம். பழைய கருவிகளில் மின்சுற்று இந்த வேலையைச் செய்தது. கணினியில் எண்களின் பட்டியல் ஒன்று அதைச் செய்கிறது.

அலையின் ஒரே ஒரு சுற்று, இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் 2,048 எண்களாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வோர் எண்ணும் அந்தப் புள்ளியில் அலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் குறிக்கும். கணினி அந்தப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படித்து, மீண்டும் முதலுக்குத் திரும்புகிறது. படிக்கும் வேகமே சுருதி.

ஒரு நொடிக்கு 44,100 அளவீடுகள் என்ற வழக்கமான விகிதத்தில், 440 ஹெர்ட்ஸ் சுருதியைப் பெற வேண்டுமானால், கணினி ஒவ்வொரு முறையும் சுமார் 20.43 இடங்கள் தாவிப் படிக்க வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே 220 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 10.22 இடங்கள் தாவினால் போதும். முழு எண்ணாக இல்லாத இடங்களில், இருபுறமும் உள்ள இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட மதிப்பைக் கணினி கணக்கிட்டுக் கொள்கிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1957-ல் கணினியில் இசை ஒலியை உருவாக்கும் மென்பொருளை எழுதிய மேக்ஸ் மேத்யூஸ், அடுத்த ஆண்டுகளில் இந்தப் பட்டியல் முறையைக் கையாண்டார். மென்பொருள் சின்தசைசர்களின் அடித்தளமாக அது இன்றும் நீடிக்கிறது.

ஒன்றுக்குப் பதில் 256

ஒரே ஒரு பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தால், கேட்பது மாறாத ஒரு ரீங்காரம். சில நொடிகளிலேயே காது அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். மின்விசிறியின் இரைச்சலை நாம் மறந்துவிடுவது போன்றதே இதுவும். இயற்கையான இசைக்கருவி எதுவும் அப்படி ஒலிப்பதில்லை. தந்தியை மீட்டிய கணத்தில் இருக்கும் அலை வடிவம், அரை நொடிக்குப் பின் இருப்பதில்லை.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த வொல்ஃப்காங் பாம் இதற்கு ஒரு தீர்வு கண்டார். சற்றுச் சற்றே வேறுபட்ட பல அலைவடிவங்களை வரிசையாக அடுக்கி, ஸ்வரம் ஒலிக்கும்போதே ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்வது அவருடைய முறை. ஒரு புத்தகத்தின் ஓரத்தில் வரைந்த படங்களை விரலால் சடசடவென்று புரட்டினால் அவை அசைவதுபோல் தோன்றுமே, அதைப் போன்றது இது. அவருடைய பி.பி.ஜி. நிறுவனம் 1982-ல் வெளியிட்ட 'வேவ் 2.2' கருவியில், ஓர் அட்டவணைக்கு 64 அலைவடிவங்கள் இருந்தன. இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் அந்த எண்ணிக்கை 256 வரை செல்கிறது. இத்தகைய அலைவடிவங்களின் அடுக்கே வேவ்டேபிள். அடுக்கிலுள்ள ஒவ்வொரு வடிவமும் ஒரு 'ஃபிரேம்'.

கருவியில் 'பொசிஷன்' என்ற திருகு ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால், முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை அலையின் வடிவம் நகரும். முதல் ஃபிரேமில் 'ஆ'வின் வடிவமும், நடுவில் 'ஈ'யின் வடிவமும், இறுதியில் 'ஊ'வின் வடிவமும் இருந்தால், திருகைத் திருப்பும்போது இயந்திரமே வாய் திறந்து மூடுவதுபோல் ஒலிக்கும்.

வடிவத்தை வளைக்கும் வழிகள்

அடுக்கில் உள்ளதை அப்படியே ஒலிப்பது முதல் படி மட்டுமே. படிக்கும் முறையையே மாற்றி, சேமிக்கப்படாத புதிய வடிவங்களையும் பெறலாம். அவற்றில் முக்கியமானவை நான்கு.

முதலாவது, வளைத்தல். பட்டியலின் முதல் பாதியை மெதுவாகவும், இரண்டாம் பாதியை வேகமாகவும் படித்தால், சுற்றின் மொத்த நேரம் மாறாது. ஆகவே சுருதி மாறாது. ஆனால் அலை ஒருபுறம் சாய்ந்து, ஒலி கூர்மையாகும்.

இரண்டாவது, ஒத்திசைவு. ஒரு சுற்றுக்குரிய நேரத்திற்குள் பட்டியலை ஒன்றரை முறையோ இரண்டே முக்கால் முறையோ படித்துவிட்டு, சுற்று முடிந்ததும் வலுக்கட்டாயமாகத் தொடக்கத்திற்குத் திரும்புவது. சுருதி நிலையாக இருக்க, மேற்சுரங்கள் வீரிட்டு எழும்.

மூன்றாவது, மடித்தல். அலையின் உயரத்தை எல்லைக்கு மேல் பெருக்கி, எல்லையைத் தாண்டும் முகடுகளைக் காகிதம்போல் உள்நோக்கி மடிப்பது. மென்மையான சைன் அலைகூட இதனால் உலோகத் தன்மை பெறும்.

நான்காவது, அதிர்வெண் பண்பேற்றம். ஓர் அலையியற்றி, மற்றோர் அலையியற்றியின் படிக்கும் வேகத்தை முன்னும் பின்னும் தள்ளுவது. நொடிக்கு 5 அல்லது 6 முறை தள்ளினால், அது குரலின் நடுக்கம்போல் கேட்கும். நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை தள்ளினால், காது அதை நடுக்கமாக உணராமல், மணியோசை போன்ற புதிய ஒலியாகவே உணரும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-ல் கண்டறிந்த இந்த உண்மையே, 1983-ல் வந்த யமஹா டி.எக்ஸ்.7 கருவியின் அடிப்படை.

திருகைத் திருப்பும் கைகள்

இசைக்கலைஞருக்கு இருப்பது இரண்டு கைகள். அவை கட்டைகளை வாசிக்கும்போது திருகுகளைத் திருப்புவது யார்? அந்த வேலையைத்தான் 'மாடுலேஷன்' செய்கிறது. பாடநூல்கள் இதைப் பண்பேற்றம் என்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கைகள் சில, சொன்ன நேரத்தில், சொன்ன அளவில் திருகுகளைத் திருப்பும் ஏற்பாடு இது.

'என்வலப்' என்பது அவற்றில் ஒன்று. கட்டையை அழுத்திய கணத்தில் தொடங்கி, எழுச்சி, தணிவு, நிலைப்பு, ஒடுக்கம் என்ற நான்கு கட்டங்களில் அது ஒரு திருகை நகர்த்தும். எழுச்சிக்கு 2 நொடி என்று அமைத்து அதைப் பொசிஷன் திருகுடன் இணைத்தால், 2 நொடியில் அலைவடிவம் அடுக்கின் அடியிலிருந்து உச்சி வரை மலரும்.

'எல்.எஃப்.ஓ.' என்பது மற்றொன்று. காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக அசையும் அலையியற்றி அது. 0.25 ஹெர்ட்ஸ் வேகத்தில் அமைத்தால், 4 நொடிக்கு ஒருமுறை திருகை முன்னும் பின்னும் அசைக்கும். நிமிடத்திற்கு 120 தட்டுகள் உள்ள தாளத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒருமுறை அசைய வேண்டுமானால், 2 ஹெர்ட்ஸ் என அமைக்க வேண்டும். திரைப்பட முன்னோட்டங்களில் கேட்கும் உறுமலும் துடிப்பும் பெரும்பாலும் இப்படி எழுபவையே.

விரலின் விசையும் ஒரு கைதான். மிருதங்கத்தில் மென்மையாகத் தட்டுவதும் ஓங்கி அடிப்பதும் உரப்பில் மட்டுமின்றி ஒலித்தன்மையிலும் வேறுபடுகின்றன. கட்டையை அழுத்தும் விசையைப் பொசிஷன் திருகுடன் இணைத்தால், மின்னணுக் கருவியும் அவ்வாறே கலைஞரின் தொடுகைக்குப் பதில் சொல்லும்.

தம்புராவின் நூல் கற்றுத்தரும் பாடம்

இந்த நுட்பத்தின் சாரத்தைத் தென்னிந்திய இசை மரபு கணினிக்கு வெகு காலம் முன்பே அறிந்திருந்தது. தம்புராவின் குதிரை தட்டையாகச் சற்றே வளைந்த பரப்பைக் கொண்டது. தந்திக்கும் அதற்கும் இடையே 'ஜீவா' எனப்படும் சிறு நூல் வைக்கப்படுகிறது. தந்தி அதிரும்போது அந்த வளைந்த பரப்பை ஒட்டியும் விலகியும் செல்வதால், ஆற்றல் ஒரு மேற்சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். ஒரே மீட்டலில் நாதம் விரிந்து சுடர்வது இதனால்தான்.

சர் சி.வி.ராமன் 1921-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில், வீணையும் தம்புராவும் வழக்கமான தந்தி விதிக்குக் கட்டுப்படாததைச் சுட்டிக்காட்டினார். குறிப்பிட்ட இடத்தில் மீட்டினால் எழவே கூடாத மேற்சுரங்கள், அவற்றில் வலுவாக ஒலித்தன. அதற்கான காரணம் அந்தக் குதிரையின் வடிவமைப்பே என்று அவர் விளக்கினார்.

நூலை ஒரு மயிரிழை நகர்த்தினால் நாதம் மாறுவதைத் தம்புரா மீட்டுவோர் அறிவர். வேவ்டேபிளில் பொசிஷன் திருகு செய்வதும் அதுதான்: ஸ்வரத்தை அசைக்காமல், அதன் உள்ளிருக்கும் மேற்சுரங்களை மட்டும் இடம் மாற்றுகிறது.

இந்தியாவில் ஒலித்த சின்தசைசர்கள்

அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல், அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் உதவியுடன் மூக் சின்தசைசர் கொண்ட மின்னணு இசைக்கூடம் அமைந்தது. மும்பைத் திரையுலகைச் சேர்ந்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை ரோலண்ட் நிறுவனத்தின் சின்தசைசர்களில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். தமிழ்த் திரையுலகில் இளையராஜாவின் இசையில் 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்', கணினியின் துணையுடன் அமைந்த தொடக்க காலத் திரையிசையாகப் பேசப்படுகிறது.

அன்றைய கருவிகள் கனமானவை, விலை மிகுந்தவை. நிலைமை மாறியது மென்பொருள்களால். ஸ்டீவ் டூடா உருவாக்கிய 'சீரம்' 2014-லும், மேட் டைட்டல் உருவாக்கிய 'வைட்டல்' 2020-லும் வெளியாயின. வைட்டல் மென்பொருளுக்கு இலவசப் பதிப்பும் உண்டு.

முக்கால் நொடி ஊதல், ஒரு கருவி

இப்போது ரயிலுக்குத் திரும்பலாம். மாரிக்குப்பம் ரயிலின் ஊதல் நொடிக்கு 350 முறை அதிர்வதாக வைத்துக்கொண்டால், பதிவில் ஒரு சுற்றுக்கு 126 அளவீடுகள் இருக்கும். 256 ஃபிரேம்களை நிரப்ப 256 சுற்றுகள் தேவை. அதற்கு ஆகும் நேரம் 0.73 நொடி. முக்கால் நொடியில் அட்டவணை நிறைந்துவிடுகிறது.

மென்பொருள் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியே எடுத்து, 2,048 புள்ளிகளுக்கு நீட்டி அமைக்கும். ஊதலின் சுருதி சற்று ஏறி இறங்கியிருந்தாலும், எல்லாச் சுற்றுகளும் ஒரே நீளமாகிவிடுவதால் அந்த ஏற்ற இறக்கம் மறைந்து, வடிவ மாற்றம் மட்டும் எஞ்சும். இனி அந்த ஒலியை எந்த ஸ்வரத்திலும் வாசிக்கலாம். காற்று நிரம்பி ஊதல் வலுப்பெறும் தொடக்கக் கணம் முதல் ஃபிரேம்களிலும், முழு ஒலி பின்வரும் ஃபிரேம்களிலும் பதிந்திருக்கும்.

கவனிக்க வேண்டியவை மூன்று. சுற்றின் தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் ஒரே உயரத்தில் பொருந்த வேண்டும்; இல்லையெனில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு 'டக்' ஒலி சேர்ந்து இரைச்சலாகும். இரண்டு ஊதல்கள் வெவ்வேறு சுருதியில் சேர்ந்து ஒலித்தால், ஒரு சுற்று என்பதே தெளிவாகக் கிடைக்காது. ஒற்றைச் சுருதி கொண்ட பகுதியையே தேர்ந்தெடுக்க வேண்டும். சயனைடு மேடுகளின் மீது வீசும் காற்றின் ஒலிக்குச் சுருதியே இல்லாததால், அது இந்த முறைக்கு ஏற்றதல்ல. அதை முழுப் பதிவாகவே பயன்படுத்தலாம்.

மூன்றாவது, மேல் ஸ்தாயியில் எழும் போலி ஒலி. நொடிக்கு 44,100 அளவீடுகள் கொண்ட முறையால் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வைக் காட்ட இயலாது. 5,000 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் ஐந்தாம் மடங்கான 25,000 ஹெர்ட்ஸ், அந்த எல்லையில் மோதித் திரும்பி 19,100 ஹெர்ட்ஸாக ஒலிக்கும். அது மூல ஸ்வரத்துடன் சேராத அபஸ்வரம். இதைத் தவிர்க்க, ஸ்வரம் உயர உயர மேற்சுரங்கள் குறைக்கப்பட்ட தனித்தனி அட்டவணைகளை நல்ல மென்பொருள்கள் பயன்படுத்துகின்றன.

யாருடைய ஒலி?

இந்த மென்பொருள்களுடன் ஆயத்த ஒலிகள் நிறைய வருகின்றன. பெர்லினிலும் சென்னையிலும் இளைஞர்கள் அதே பொத்தானை அழுத்தி அதே உறுமலைப் பெறுகின்றனர். கருவி எல்லோருக்கும் எட்டிய காலத்தில், ஒரு படைப்பை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டப்போவது அட்டவணைக்குள் வைக்கப்படும் ஒலிதான்.

சுரங்கத்தில் வேலை நேரத்தை அறிவித்த சங்கும், இயந்திரங்களின் முழக்கமும் அன்றாட வாழ்விலிருந்து விலகி 20 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஒரு சுற்றுக்கு 126 அளவீடுகள் போதும் என்ற கருவி இருந்தும், பதிவு செய்யப்படாத ஒலியை அது மீட்டுத் தராது. மாரிக்குப்பம் ரயில் நாளையும் ஊதும். அதைப் பதிவு செய்வதற்குத் தேவை ஒரு கைப்பேசியும் முக்கால் நொடியும்.